எண்பதாவது தீர்க்கரேகையில் இரண்டு நகரங்கள்

சென்னையும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், எண்பது பாகைக் கிழக்கில் இருக்கின்றன. மீனம்பாக்கத்திலிருந்து நேர் தெற்கே கோடு இழுத்தால் அது கடலோரமாக இறங்கி, கோடிக்கரைக்குச் சற்றுக் கிழக்கே கடந்து, பாக்கு நீரிணையின் மேலாகப் பலாலியில் போய் முடியும். அந்தக் கோட்டின் நீளம் சுமார் 355 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சிக்குத் தண்டவாளத்தில் போகிற தூரத்தைவிடச் சிறிதே அதிகம். நேர்க்கோட்டில் அளந்தால் சென்னைக்கு மதுரையைவிட யாழ்ப்பாணமே பக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சி சுமார் 180 கிலோமீட்டர்தான், தன் நாட்டுத் தலைநகரான கொழும்போ 300 கிலோமீட்டர். வரைபடம் சொல்கிற இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, ஒருவர் இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குப் போய்ச் சேர உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று கடந்த 150-க்கும் மேற்பட்ட ஆண்டுகளைப் புரட்டிப் பார்த்தால், பள்ளிக்கூடத்தில் நாம் படித்த ஒரு பாடம் ஆட்டம் காண்கிறது. பாய்க்கப்பலை நீராவி வென்றது, நீராவியை விமானம் வென்றது, உலகம் சுருங்கியது என்பது அந்தப் பாடம். இந்த இரண்டு நகரங்களுக்கு இடையில் உலகம் அப்படிச் சுருங்கவில்லை. பயணம் மிக நீண்டு போன காலம் ஜெட் விமானங்களின் காலம். பயண நேரத்தைக் கூட்டியதும் குறைத்ததும் பெரும்பாலும் அரசாணைகளும் சட்டங்களும்தான், இயந்திரங்களுக்கு அதில் இரண்டாம் இடமே என்பதுதான் இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது.

பாய்க்கப்பல் காலத்திலிருந்து தொடங்குவது நியாயம். கோடிக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கடல் 55 கிலோமீட்டர் அளவே. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை, நாகப்பட்டினம் ஆகிய துறைகளுக்கு இடையே தோணிகளும் கப்பல்களும் காற்றைப் பார்த்து ஓடின. சோளகம் வீசும் மாதங்களில் ஒரு திசை எளிது, வாடைக்காற்றில் மறுதிசை எளிது, புயல் மாதங்களில் கப்பல்கள் கரையேறி ஓய்ந்திருக்கும். தென்னிந்தியாவிலிருந்து அரிசி போயிற்று, யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூர் வரை வந்தது. இந்தக் கப்பல் தொழில் எவ்வளவு தேர்ந்ததாக இருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, அது பெயர் மாறி, அட்லாண்டிக்கைக் கடந்து 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அப்படிப்பட்ட கலம் கட்டத் தெரிந்தவர்களுக்கு நாகப்பட்டினம் அடுத்த தெரு.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று உறுதியாக யாரும் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் அதைக் காற்று முடிவு செய்தது. ஆனால் வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். ஆறுமுக நாவலர் அச்சு இயந்திரம் வாங்குவதற்காக 1849-இல் சென்னைக்கு வந்தார். வரும் வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில்தான் அவருக்கு நாவலர் என்ற பட்டம் கிடைத்தது. பிறகு வண்ணார்பண்ணையில் ஒரு அச்சகம், சென்னைத் தங்கசாலையில் ஒரு அச்சகம், சிதம்பரத்தில் ஒரு பள்ளி என்று இரண்டு கரையிலும் கால் வைத்தே அவர் வாழ்ந்தார். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னாளில் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார், கலித்தொகையை 1887-இல் அச்சேற்றினார். நம் சங்க இலக்கியப் பதிப்பு வரலாற்றின் முதல் அத்தியாயத்தில் ஒரு பாதி, காற்றை நம்பிக் கடல் கடந்தவர்களால் எழுதப்பட்டது. மெதுவான பயணம் என்பதால் அது தொலைவான பயணம் ஆகிவிடவில்லை. புறப்படுவதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாத வரையில், வாரக்கணக்கில் ஆனாலும் சென்னை அவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

நீராவி வந்தபோது முதலில் பயன்பெற்றது யாழ்ப்பாணம் அல்ல, கொழும்பு. தென்னிந்திய ரயில்பாதை தூத்துக்குடியை 1870களில் எட்டியது. சென்னையில் ரயிலேறித் தூத்துக்குடியில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் கொழும்பு போவது வழக்கமாயிற்று. அந்தக் கடல்வழியில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் வைத்ததே சட்டமாக இருந்ததைக் கண்டுதான் வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். போட்டியில் ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தை இறக்கிக்கொண்டே போனது. 1908-இல் வ. உ. சி. சிறைக்குப் போனார், கம்பெனி முறிந்தது. நகரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை யார் ஆள்வது என்ற கேள்வி அரசியல் கேள்வி என்பதை இந்தக் கடலில் முதலில் கண்டுகொண்டவர் அவர்தான் என்று சொல்வேன். சொத்தையும் உடலையும் அவர் அந்தக் கேள்விக்கே கொடுத்தார்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும். தண்டவாளம் தனுஷ்கோடி வரை போயிற்று. மறுகரையில் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் புதிய கிளைப்பாதை போடப்பட்டது. இடையே இருந்த 35 கிலோமீட்டர் கடலை ரயில் நிறுவனத்தின் சொந்தக் கப்பல்கள் கடந்தன. எழும்பூரில் மாலையில் ஏறினால் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடி, சாயங்காலம் தலைமன்னார், அடுத்த காலை கொழும்புக் கோட்டை. இரண்டு இரவும் ஒரு பகலும் கொண்ட இந்தப் பயணத்தைத்தான் மக்கள் போட் மெயில் என்றார்கள். இதன் சிறப்பு வேகத்தில் இல்லை. எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டு கொழும்பு வரை செல்லுபடியானது. ரயில் வரும் வரை கப்பல் காத்திருந்தது, கப்பல் வரும் வரை மறுகரை ரயில் காத்திருந்தது. இரண்டு ரயில் நிர்வாகங்கள் ஒரு கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டு நடந்தன. பயணியின் பார்வையில் கடல் என்பது நடுவில் வந்த ஒரு நீண்ட நிலையம், அவ்வளவே. அதே சமயம் இந்தப் பாதை யாழ்ப்பாணத்தை மனதில் வைத்துப் போடப்பட்டதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தலைமன்னாரில் இறங்கிய யாழ்ப்பாணத்துக்காரர் தென்கிழக்கே மதவாச்சி வரை போய், வண்டி மாறி, வந்த அளவு அல்லது அதற்கும் கூடுதலாக மறுபடி வடக்கே ஏற வேண்டும். தேயிலையும் தோட்டத்துக்கு ஆளும் எந்த வழியில் போக வேண்டுமோ அந்த வழியில் இரும்பு இறங்கியது. இரும்பு போகாத இடத்தில் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துத் தோணிகள் தொடர்ந்து ஓடின.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். அந்தத் தடையற்ற பயணம் ஏகாதிபத்தியத்தின் வசதிக்காக ஏற்பட்டது, அதைப் பொற்காலமாக்கிக் காட்டுவது தவறு என்பார்கள். அது சரியான மறுப்பு, அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. மலையகத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் பயணத்தைப் பார்த்தால் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர்கள் ராமநாதபுரக் கரையிலிருந்து தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நூறு மைலுக்கும் மேல் நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியெங்கும் செத்து விழுந்தார்கள். எத்தனை பேர் என்பதற்கு முழுக்கணக்கு வைக்கக்கூட எவரும் அக்கறைப்படவில்லை. ரயில் வந்த பிறகு நடை ஒழிந்தது, ஆனால் மண்டபத்தில் ஒரு முகாம் முளைத்தது. இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய தொற்றுத்தடுப்பு முகாம் அது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் அங்கே நாள்கணக்கில் நிறுத்தப்பட்டு, சோதிக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டு, பிறகுதான் கப்பலேற்றப்பட்டார்கள். முதல் வகுப்பில் போன வழக்கறிஞர் பிற்பகல் தனுஷ்கோடியில் நேராகக் கப்பலேறினார். அதே ரயிலின் மூன்றாம் வகுப்பில் வந்த கூலிக்குடும்பத்துக்கு அந்த 35 கிலோமீட்டர் கடல் ஒரு வார அகலம். ஆகவே போட் மெயில் காலத்தைக் கொண்டாடுவது என் நோக்கம் அல்ல. அந்த மறுப்பு என் வாதத்தை இன்னும் உறுதியாக்குகிறது. ஒரே ரயில், ஒரே கப்பல், ஒரே கடல். ஆனால் ஆளுக்கு ஆள் பயண நேரம் வேறு. நேரத்தைத் தீர்மானித்தது கப்பலின் வேகம் அல்ல, ஏறுகிறவர் யார் என்பது.

வானவழி இந்த இரண்டு கரைகளுக்கும் சீக்கிரமே வந்துவிட்டது. 1932 அக்டோபரில் டாடா நிறுவனத்தின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு வந்தது. 1935-இல் கொழும்பை அடுத்த இரத்மலானையில் முதல் விமானம் தரையிறங்கியது, அது சென்னையிலிருந்து போன பறத்தல் சங்கத்தின் சிறிய விமானம். 1938-இல் டாடா சேவை கொழும்பு வரை நீண்டது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை பலாலியில் ஓடுபாதை போட்டது. பிறகு 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. இரத்மலானையில் கிளம்பிய டக்கோட்டா விமானம் காங்கேசன்துறை என்று அப்போது சொல்லப்பட்ட பலாலியில் இறங்கி, மீண்டும் எழும்பிச் சென்னைக்கு வந்தது. ஒரு நாடு தன் தேசிய விமான நிறுவனத்தின் முதல் பயணத்துக்கே இந்த வழியைத் தேர்ந்தெடுத்தது என்றால் இந்த வழியில் ஆள் இருந்தது என்று பொருள். டக்கோட்டாவின் சாதாரண வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டியது. பலாலியிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம் போதும். இன்று அதே வழியில் பறக்கும் ஏடிஆர் 72 விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வரை போகக்கூடியது. ஆனாலும் அட்டவணையில் போடப்படும் நேரம் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மணி. இடையில் முக்கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. காரணம் விளங்கக்கூடியதுதான். குறுந்தூரப் பறப்பில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், உயரம் ஏறுவதும், இறங்க முறை பார்ப்பதும் நேரத்தில் பாதியைத் தின்றுவிடுகின்றன. நடுவானில் முழுவேகத்தில் போகிற நேரம் கொஞ்சம்தான், அங்கே மிச்சம் பிடிப்பதும் கொஞ்சம்தான். ஆக, இயந்திரம் தரக்கூடிய நேரக் குறைப்பு முழுவதும் 1947-லேயே இந்த வழிக்குக் கிடைத்துவிட்டது. அதன் பிறகு ஏற்பட்ட மாற்றம் எல்லாம் தரையில் நடந்தவை.

தரையில் முதலில் நடந்தது சட்டம். இலங்கை விடுதலை பெற்ற 1948-இலேயே குடியுரிமைச் சட்டமும் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் வந்தன. மலையகத் தமிழர்கள் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். சீட்டு மட்டும் போதும் என்றிருந்த கடவைக்குக் கடவுச்சீட்டும் விசாவும் வந்தன, இரு நாடுகளின் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளும் சேர்ந்துகொண்டன. 1964 அக்டோபர் இறுதியில் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தோட்டத் தமிழர்கள் ஏறக்குறைய 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சியவர்கள் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு தலைநகரங்கள் மனிதரைப் பங்கிட்டன. இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் புதைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, எந்த ஊர் எவ்வளவு தூரம் என்பதை வேறு யாரோ எழுதிக்கொடுத்தார்கள். தலைமன்னாரிலிருந்து அவர்கள் ஏறிய கப்பல் பாட்டன் காலத்தில் ஆள் ஏற்றிப் போன அதே வழியில்தான் திரும்பி வந்தது. இறங்கியதும் அவர்களை வரவேற்றது அதே மண்டபம் முகாம். ஒருவழிப் பயணம் என்பதால் கிலோமீட்டருக்கு அங்கே அர்த்தமே இல்லை.

ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி, புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போயிற்று. இதைக் காட்டித்தான் பலர் பேசுவார்கள். போட் மெயில் வழியைக் கொன்றது இயற்கை, அரசியல் அல்ல என்பது அவர்கள் வாதம். கேட்க எளிதாக இருக்கிறது, சான்றுகளோடு ஒட்டவில்லை. அதே புயலில் பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்பு உத்திரங்களும் கடலில் விழுந்தன. அவற்றைத் தேடி எடுத்தும் புதிதாகப் பூட்டியும் இ. ஸ்ரீதரன் தலைமையிலான பொறியாளர்கள் 46 நாளில் பாலத்தை மறுபடி ஓட வைத்தார்கள். ராமேசுவரம் வரை ரயில் வேண்டும் என்று அரசு நினைத்தது, அதனால் வந்தது. அதற்கு அப்பால் தனுஷ்கோடித் தண்டவாளம் வேண்டும் என்று எவரும் நினைக்கவில்லை, அதனால் வரவில்லை. கப்பலும் நின்றுவிடவில்லை. ராமேசுவரத்திலிருந்து 'ராமானுஜம்' தலைமன்னாருக்கு ஓடியது. 1980களின் நடுப்பகுதி வரை அந்த வழி ஏதோ ஒரு வகையில் உயிரோடு இருந்தது. புயல் ஒரு ஊரை அழித்தது உண்மை. வழியை அது அழிக்கவில்லை.

அடுத்த மறுப்பு போர். இலங்கையில் முப்பது ஆண்டு போர் நடந்தது, அதில் விமானமும் கப்பலும் நிற்காமல் என்ன செய்யும் என்று கேட்பார்கள். போர் செய்த கேட்டை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் காலவரிசையைப் பார்க்க வேண்டும். பலாலியிலிருந்து தமிழ்நாட்டுக்கு இருந்த ஏர் சிலோன் சேவை 1970களின் இறுதியிலேயே நின்றது. ஏர் சிலோன் மூடப்பட்டு 1979-இல் ஏர் லங்கா வந்தபோது, பன்னாட்டுப் பறப்பு எல்லாம் கொழும்புக்கு வடக்கே உள்ள கட்டுநாயக்கவில் குவிந்தது. அதற்கும் முன்னால், 1970களின் தொடக்கத்தில், தமிழ்நாட்டு இதழ்களும் நூல்களும் படங்களும் இலங்கைக்குள் வருவதற்குக் கட்டுப்பாடுகள் போடப்பட்டன. உள்நாட்டு எழுத்துக்கு அதனால் நன்மை விளைந்தது என்று ஈழத்து எழுத்தாளர்கள் சிலர் வாதிட்டதுண்டு, அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. என் கருத்து அதன் நன்மை தீமை பற்றியதல்ல. வாசகனுக்கும் பத்திரிகைக்கும் இடையே உள்ள தூரம் ஒரு வர்த்தமானி அறிவிப்பால் மாறியது, அது போர் தொடங்கிய 1983-க்கு முன்னால் நடந்தது. போர் வந்தபோது கதவு ஏற்கெனவே முக்கால்வாசி சாத்தியிருந்தது.

போர் அதைத் தாழிட்டது. பலாலி ராணுவத் தளமாயிற்று, சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் 1990-இல் வீடுகளை விட்டு ஓடினார்கள். அதே ஆண்டில் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது, ஏ9 சாலை மூடப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வர விரும்பும் ஒருவர் முதலில் கொழும்புக்குப் போக வேண்டும். கொழும்புக்குப் போக விடுதலைப் புலிகள் இயக்கத்தின் அனுமதி வேண்டும், பிறகு கிளாலியில் இரவில் படகேறி, துப்பாக்கிச் சூட்டுக்கு அஞ்சியபடி கடல்நீரேரியைக் கடந்து, வன்னி வழியாக வவுனியாவுக்கு நடந்தும் மிதிவண்டியிலும் டிராக்டரிலும் போய், ராணுவத்தின் அனுமதிக்குக் காத்திருந்து, பிறகு கொழும்பு, பிறகு விசா, பிறகு வானூர்தி. கடைசிக் கட்டமான கொழும்பு, சென்னைப் பறப்பு மட்டும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஜெட் இயந்திரம் இருந்தும் 355 கிலோமீட்டர் என்பது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆயிற்று, ஒன்றேகால் மணி என்பது வாரங்கள் ஆயிற்று. நாவலர் காற்றுக்குக் காத்திருந்த நாள்களைவிட அதிகம். கரையிலிருந்து நேராகக் கடலில் இறங்கியவர்களும் உண்டு. மீன்பிடிப் படகுகளில் சில மணி நேரத்தில் ராமேசுவரத்துக் கரையை எட்டியவர்கள் அகதிகள். அவர்களும் மண்டபம் முகாமுக்கே போனார்கள். தொற்றுத்தடுப்பு, தாயகம் திரும்பல், தஞ்சம் என்று ஒரு நூற்றாண்டில் மூன்று காரணங்களுக்காகத் தமிழர்களை வரிசையில் நிறுத்திய இடம் அது.

நேரம் என்பதே அரசாணை என்பதற்கு இந்தக் காலத்தில் இன்னொரு சான்று கிடைக்கிறது. இந்தியாவும் இலங்கையும் 1906 முதல் பெரும்பாலும் ஒரே கடிகார நேரத்தில் இருந்தவை. 1996-இல் மின்தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை தன் கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, சில மாதங்களில் அதை அரை மணியாகக் குறைத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்த பயணி ஒரே நாட்டுக்குள், ஒரே சாலையில், அரை மணி நேரத்தைக் கூட்டிக் கழிக்க வேண்டியிருந்தது. 2006 ஏப்ரலில்தான் இலங்கை பழைய நேரத்துக்குத் திரும்பியது. சூரியன் இரண்டு நகரங்களுக்கும் ஏறத்தாழ ஒரே கணத்தில் உச்சிக்கு வருகிறது. அந்தப் பத்தாண்டு முழுவதும் அது மாறவேயில்லை.

போர் மட்டுமே தடை என்றால் 2009 மே மாதத்துக்குப் பிறகு வழி திறந்திருக்க வேண்டும். என்ன நடந்தது? 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற கப்பல் விடப்பட்டு அதே ஆண்டு நவம்பரில் நின்றது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் 2014 அக்டோபரில் வந்தது, தலைமன்னாருக்கு 2015 மார்ச்சில் வந்தது, ஆனால் அங்கே எந்தக் கப்பலும் காத்திருக்கவில்லை. பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் இறங்கியது 2019 அக்டோபர் 17 அன்று. போர் முடிந்து பத்தாண்டுகளுக்கும் மேல். சில மாதங்களில் பெருந்தொற்று வந்து நிறுத்திய அந்தச் சேவை 2022 டிசம்பரில்தான் திரும்ப வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது, 2025 மார்ச் இறுதியில் திருச்சியும் சேர்ந்தது. கடல்வழியில், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' 2023 அக்டோபரில் ஆரவாரத்தோடு புறப்பட்டுச் சில நாள்களில் நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' வந்தது. சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். வாடைக்காற்று மாதங்களில் இன்றும் கப்பல் நிறுத்தப்படுகிறது, அந்த விஷயத்தில் மட்டும் பாய்க்கப்பல் காலத்து அட்டவணைக்கே நாம் திரும்பியிருக்கிறோம்.

இங்கேதான் நான் மிகவும் மதிக்கிற மறுப்பு வருகிறது. இது வியாபாரக் கணக்கு, வேறொன்றும் இல்லை என்பது அது. குறுந்தூரப் பறப்பில் எரிபொருளின் பெரும்பங்கு மேலேறுவதிலேயே செலவாகிறது, நிலையக் கட்டணமும் பயணி வரியும் தூரத்தைப் பார்த்துக் குறைவதில்லை, எழுபது பேர் ஏறும் விமானத்தில் பத்து இருக்கை காலியானாலே நட்டம். இதெல்லாம் உண்மை. ஆனால் 355 கிலோமீட்டர் என்பது உள்நாட்டு விமானங்கள் அன்றாடம் பறக்கிற தூரம். சென்னை, மதுரை வழியில் ஒரு நாளைக்குப் பல விமானங்கள் நிரம்பிப் போகின்றன, அங்கே ரயிலும் பேருந்தும் போட்டிக்கு உண்டு. யாழ்ப்பாண வழியில் தரைவழிப் போட்டியே கிடையாது. வேறுபாடு, இது எல்லை தாண்டும் பறப்பு என்பதில் இருக்கிறது. விசாவுக்கும் குடிவரவுச் சோதனைக்கும் மூன்று மணி முன்னதாக வந்து நிற்பதற்கும் ஆகும் செலவையும் நேரத்தையும் பயணிகளே சுமக்கிறார்கள், அதனால் பயணிகள் குறைகிறார்கள், ஆள் குறைவதைக் காட்டி வழி லாபமற்றது என்கிறார்கள். சந்தை என்று நாம் சொல்வது இந்த வழியில் விதிகளின் மேல் கட்டப்பட்டது. விதி இருந்த காலத்துச் சந்தையை வைத்து விதியை நியாயப்படுத்துவது வட்டத்தில் சுற்றுவது ஆகும். போட் மெயிலின் கப்பல்களைத் தனித்து எடுத்துப் பார்த்தால் அந்த 35 கிலோமீட்டரில் அவை என்ன லாபம் ஈட்டியிருக்க முடியும்? ஒரே சீட்டாக, முழுப் பயணமாக நினைத்ததால் அந்தக் கணக்கு நேரானது.

பாதுகாப்பைச் சொல்கிறவர்களும் உண்டு. பாக்கு நீரிணையில் கடத்தல் நடந்திருக்கிறது, நடக்கிறது. வல்வெட்டித்துறையின் கப்பலோட்டிகளில் ஒரு பகுதியினரைச் சட்டவிரோதிகள் ஆக்கியது, அவர்களுடைய பழைய தொழிலுக்குக் குறுக்கே எல்லை விழுந்ததுதான் என்றாலும், இன்று போதைப்பொருள் கடத்தப்படுவதை எந்த அரசும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இழுவைமடிப் படகுகள் எல்லை தாண்டி வந்து அடிமடியை வாரிக்கொண்டு போகின்றன என்று வடமாகாண மீனவர்கள் கொதிப்பதும் நியாயமானது, தமிழ்நாட்டில் அதை இன்னும் காது கொடுத்துக் கேட்கவில்லை. ஆனால் சோதிப்பது வேறு, மூடுவது வேறு. கடத்துகிறவன் விமானச் சீட்டு வாங்கி வருவதில்லை. வழி மூடியிருந்த முப்பது ஆண்டுகளில் கள்ளத்தோணி நின்றுவிடவில்லை, கல்யாணத்துக்கும் சாவுக்கும் வைத்தியத்துக்கும் படிப்புக்கும் வந்து போகிறவர்களின் நேர்வழிதான் நின்றது.

இனி இந்த வழியில் பேச வேண்டியது விமானத்தின் வேகம் பற்றியோ பாலத்தின் உயரம் பற்றியோ அல்ல. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலம் அருமையான பொறியியல், ஆனால் அதன் மேல் போகும் ரயில் ராமேசுவரத்தோடு நின்றுவிடுகிறது. பலாலியில் இப்போதைய ஓடுபாதை ஏடிஆர் அளவு விமானங்களுக்குத்தான் இடம் தருகிறது. அதை நீட்டினால் பெரிய விமானங்கள் வரும், கட்டணம் குறையும் என்பது பலர் கோரிக்கை. அதை ஆதரிக்கவே எனக்கும் ஆசை. ஆனால் ஓடுபாதையைச் சுற்றிக் கிடக்கும் செம்மண், 1990-இல் விரட்டப்பட்டு இன்னும் முழுதாகத் திரும்பி வர முடியாத வலிகாமம் வடக்கு விவசாயிகளின் தோட்டக்காணி. முகாமிலும் உறவினர் வீட்டிலும் முப்பது ஆண்டுகளைக் கழித்த ஒரு குடும்பத்துக்கு, சொந்த வீட்டுக்கும் தற்போதைய வாசலுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான், அதைக் கடக்க ஒரு தலைமுறை போதவில்லை. சென்னைப் பயணிக்கு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும் திட்டம் எதுவானாலும், அந்தச் சில கிலோமீட்டரை முதலில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். காணிக்காரர்களைக் கேட்டு, உரியவர்களுக்கு நிலத்தைத் திருப்பிய பிறகு, எவ்வளவு நீட்டலாம் என்று அளக்கலாம்.